கணக்கு டியூஷனும் காற்று மெஷினும்

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. படித்ததும் குதிக்காதே. என் வாயாடி மகளின் கணக்கு டியூஷனுக்கு நீ அனுப்பிய பணத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கிவிட்டேன். டியூஷனை நிறுத்தியாயிற்று.

இந்த வருஷம் தொழிற்சாலைப் புகை தெருவை விட்டு நகரவே இல்லை. உன் மருமகள் வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது. பள்ளிக்கூடம் போனதைவிட டாக்டரிடம் போனதுதான் அதிகம். வீடு மாறலாம் என்றால், மாமாவுக்குச் சம்பளம் தருவதே அந்தப் புகைக்கூண்டுதான். மூச்சுவிடத் திணறுகிறவள் கணக்கை எங்கே போடுவாள், நீயே சொல்.

உன் அக்கா

நவம்பர் 15

அக்காவுக்கு,

குதிக்கத்தான் செய்தேன். காற்று வாங்க எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள், நீ கடைக்குப் போயிருக்கிறாய்! பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. போன தடவை கணக்கில் அவள் கோட்டைவிட்டது மறந்துவிட்டதா? லாரிக்கு அடியில் படுத்து நான் ஓவர்டைம் பார்ப்பது, அவளாவது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றுதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி பணம் வராது.

தம்பி

ஜனவரி 8

என் கோபக்காரத் தம்பிக்கு,

பணத்துக்காக எழுதவில்லை. இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள்.

வாயாடி விட்டுவந்த நோட்டைக் கொடுக்க டியூஷன் டீச்சர் வந்தார். "ஏம்மா, இங்க மட்டும் மூச்சு நல்லா வருதே?" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மெயின் ரோட்டில் இருக்கும் அவர் வீட்டில் பிள்ளைகள் இருமி இருமி, பாதிப் பேர் நின்றுவிட்டார்களாம். மறுநாளே கரும்பலகையோடு வந்து இறங்கிவிட்டார். இப்போது நம் கூடத்தில்தான் வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் எனக்கும் சேர்த்துத் திட்டு விழுகிறது.

ஃபீஸைப் பற்றிக் கேட்டேன். "இடமும் காத்தும் உங்களுது, உங்ககிட்ட எப்படிம்மா வாங்குறது?" என்றார்.

அரையாண்டுப் பரீட்சையில் உன் மருமகள் கணக்கில் தேறிவிட்டாள். நேற்று டீச்சர் அவளிடம், "கொஞ்ச நேரம் வாய மூடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். அடுப்படியில் நின்று அதைக் கேட்ட எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டறையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். அப்பாடா என்றிருந்தது. பிள்ளை இருமுகிறாள் என்று நீ எழுதியும், நான் மார்க்கைத்தான் கேட்டிருக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே அக்கா.

பணம் அனுப்பியிருக்கிறேன். எந்த மெஷினானாலும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மெக்கானிக் எனக்குத் தெரியாதா? முதலில் அதற்குப் புது வடிகட்டி வாங்கு. மிச்சம் இருந்தால் படிப்புக்கு வைத்துக்கொள்.

உன் தம்பி