சின்னவனை யார் பார்ப்பது

சிவகாசி
31.7.2006

அன்புள்ள இருளம்மாளுக்கு,

நலம். அங்கு எல்லாரும் நலமா? பொன்மணி வாசித்துக் காட்டும்போது குழப்பம் வராமல் இருக்க வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. பள்ளிக்கூடத்துச் செய்தி
2. பொன்மணியின் படிப்பு
3. சின்னவனை யார் பார்ப்பது
4. மன்னிப்பு

ஒன்று. வரும் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பொன்மணியின் பெயரை எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்களாம். உங்கள் நரிக்குறவர் குடியிருப்பில் எட்டு வரை வந்த பெண்பிள்ளை இவள் ஒருத்திதான் என்று டீச்சர் வருத்தப்பட்டார்.

இரண்டு. எங்கள் வாசலில் உட்கார்ந்து அவள் பாடம் வாசித்தால் என் வீட்டுக்காரி சித்திகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். அது நிற்கக் கூடாது.

மூன்று. கைக்குழந்தையைப் பார்க்கத்தான் அவளை இருக்கன்குடித் திருவிழாவுக்குக் கூட்டிப் போனீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளை வளர்ப்பது ஆணுக்கு வராத காரியம். ஆகவே பாசிமணி வியாபாரத்தை உங்கள் வீட்டுக்காரர் சீனிச்சாமியிடம் விட்டு, நீங்கள் சின்னவனோடு ஊர் திரும்பினால் என்ன?

நான்கு. தலையிட்டதற்கு மன்னிக்கவும். கிழித்துக் கிழித்துத்தான் இதை எழுதினேன்.

இப்படிக்கு,
சாதிக் பாட்சா


இருக்கன்குடி
3.8.2006

பாய்க்கு, அம்மா சொல்லச் சொல்லப் பொன்மணி எழுதுவது.

சுகமா இருக்கீகளா? உங்க மூணாவதக் கேட்டு எனக்குச் சிரிப்பு அடங்கல. ஊசிமணியத் தூக்கிட்டு இவரு நின்னா எந்தப் பொம்பளை கழுத்தக் காட்டுவா பாய்? எங்க வீட்டுல யாவாரம் எனக்கு. சின்னவன் அவுக அப்பா தோள்லதான் தூங்குவான். எம்மடியில போட்டா அழுவான்.

பொன்மணிய நிறுத்துனது புள்ளை தூக்க இல்ல. விக்கத் தெரியாதவள எங்காளுக கட்ட மாட்டாக. படிச்சா கூட்டத்துல கூவ வெக்கப்படுவான்னு சொல்றாக. எனக்கும் அந்தப் பயந்தான்.

இனி எழுதுவது பொன்மணி. அம்மா டீ வாங்கப் போயிருக்கிறது. நேற்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் தனியாகக் கூவி, கொண்டுபோன பாசியெல்லாம் விற்றுவிட்டேன். அம்மா காசை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தது. அப்பா தம்பியைத் தட்டிக்கொண்டே, "அதான் கூவப் பழகிட்டாளே, இன்னும் எதுக்கு இங்கன நிறுத்தி வச்சிருக்க?" என்றார்.

அம்மா வந்துவிட்டது. திங்கட்கிழமை அப்பா என்னையும் தம்பியையும் கூட்டி வருவார் என்று எழுதச் சொல்கிறது. இதையும் சொல்கிறது: இனிமே உங்க காகிதத்த டீக்கடைக்காரர்தான் வாசிக்கணும். சத்தமா வாசிப்பாரு, பாத்து எழுதுங்க.


சிவகாசி
8.8.2006

அன்புள்ள இருளம்மாளுக்கும், வாசிக்கும் டீக்கடைக்காரருக்கும்,

நேற்று பொன்மணி வகுப்புக்குப் போய்விட்டாள். பெயர் கூப்பிட்டதும் அவள் சொன்ன 'உள்ளேன் டீச்சர்' தெருவில் நின்ற எங்களுக்கே கேட்டது. திருவிழாவில் கூவிய தொண்டை.

முன்னதாக, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதற்காகச் சீனிச்சாமி சின்னவனை என்னிடம் தந்தார். எங்கள் அச்சகத்தில் ஈரம் காயாத தாளைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்தேன். வீரிட்டு அழுதான். "தோள்ல சாய்ச்சுக்கங்க பாய், கடிக்க மாட்டான்" என்றார் சீனிச்சாமி. சாய்த்தேன். சட்டையெல்லாம் எச்சிலாக்கிவிட்டுத் தூங்கிப்போனான். வீட்டுக்கு வந்து சொன்னபோது, இரண்டு பிள்ளை பெற்ற சித்திகா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூட்டம் நன்றாக வரட்டும். சாயங்காலம் சீனிச்சாமி மணி கோக்கும் நேரத்தில் சின்னவனை எங்கள் வீட்டில் விடச் சொல்லியிருக்கிறேன். சித்திகா வேறு வேலை பார்ப்பாள். நான் பார்த்துக்கொள்வேன்.

என் மூன்றாவது குறிப்பு தவறு.

சாதிக் பாட்சா