ரேடியோவில் உன் குரல் வரும்வரை

அக்கா,

பெரியவன் மகள் நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் மகன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. கடைசிப் பேத்தி பள்ளிக்கூடக் கபடி அணிக்குக் கேப்டன். நேற்று அவள் செல்போனில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ணனை சொன்னது ஒரு பெண். வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

திருவிழாக் கபடியில் மைக் பிடித்த உன்னை, சேலத்தில் பெண்கள் இறுதி ஆட்டத்தை நேரடியாகச் சொல்ல ரேடியோவில் கூப்பிட்டார்கள். அதுவரை எந்தப் பெண்ணையும் கூப்பிட்டதில்லை. அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டம் தள்ளிப்போகவில்லை; பஸ்தான் இல்லை. சின்னசேலம் போனால் ரயில் கிடைக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, வடக்கனந்தலிலிருந்து நீயும் நானும் நடந்தோம்.

ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் நம் பெரியப்பா மகன்.

“இன்னாக்கா, ஊரே ரோட்ல கெடக்குது. நீ கபடி சொல்லப் போறியா? வூட்டுக்குத் திரும்பு.”

“நீங்க எதுக்குடா குந்திக்கினு இருக்கீங்க?”

“வேலைக்குத்தான். படிப்புக்குத்தான்.”

“எனக்கு ஒரு வேலை கெடச்சிருக்குது. வழி வுடு.”

அவன் எழுந்திருக்கவில்லை, தடுக்கவும் இல்லை. நீ புடவையை இழுத்துச் செருகி, அவன் தோளையே பிடித்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினாய். “நீ போடி, ரேடியோவப் போட்டு வை” என்றாய்.

மத்தியானம், ரோட்டில் துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்தது. எந்த ஊரில் என்று சொன்னவனுக்கே தெரியவில்லை. அப்பா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார்.

“பொட்டப் புள்ளைய அனுப்பிட்டு, இப்ப நடந்து இன்னா ஆவப்போவுது?” என்றார் பெரியப்பா.

மலைப் பக்கம் திருப்பினால் இரைச்சல்தான் என்று டிரான்சிஸ்டரை மடியில் வைத்து அசையாமல் பிடித்திருந்தேன். ஆட்டம் தொடங்கியது. ஆண் குரல். உன் பேரைக்கூடச் சொல்லவில்லை. பாதி ஆட்டம் போயிற்று. அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு மைக்கை யாரோ இழுக்கிற சத்தம். அப்புறம், மூச்சு வாங்க நீ:

“பதினொன்று, ஒன்பது.”

வணக்கம் இல்லை, பேர் இல்லை. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால்வரை புழுதியோடு வாசலில் வந்து நின்ற பெரியப்பா மகன், “போய்ச் சேந்துட்டாளா?” என்று கேட்டான்.

நீ ஊர் திரும்பியதும் சொன்னாய், ரயில் நின்று நின்று போனதாம். “வந்து சேந்த கதையைச் சொல்லாம ஏன்க்கா ஸ்கோரைச் சொன்ன?” என்று கேட்டேன்.

“அப்பத்தான் ரேடியோவத் திருப்பறவனுக்கு என் கதை எதுக்குடி? மொதல்ல எது வேணுமோ அதச் சொல்லணும்.”

அதற்கப்புறம் எத்தனை ஊர், எத்தனை மைதானம். எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பிள்ளைப்பேறோ ஆஸ்பத்திரியோ, யாருக்குச் சேதி சொன்னாலும் இழுத்தடிக்க மாட்டேன். நீ போன அன்று உன் மகன் போனில் சுற்றி வளைத்தான். “மொதல்ல விஷயத்தச் சொல்லுப்பா” என்றேன். சொன்னான்.

மாலை போட அவன் அனுப்பிய படத்தில் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். பேசுகிற மாதிரி ஒன்று இருந்தால் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.