பெயர் இல்லாத ரிப்போர்ட்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

உடம்பு அசந்து கிடக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை.

மருந்தடித்த மறுநாளே பெண்களைக் கொழுந்தெடுக்க அதே தேயிலைக் காட்டில் இறக்கிவிட்டார் சூப்பர்வைசர். மேரி அக்கா அங்கேயே வாந்தி எடுத்திருக்கிறாள். நேராக எஸ்டேட் ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னாள். கிளார்க் நான், மேனேஜர் துரைக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.

'ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்' என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிவிக்கப்பட்டது. இந்த ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். சொன்னவர் பெயர் ரிப்போர்ட்டில் போனால், மறுநாள் காலை வேலை பிரிக்கும் பிரட்டில் அவருக்குச் செங்குத்துக் காடுதான் கிடைக்கும்.

யாரோ சொன்னதை வைத்து என்ன செய்வது என்று துரை அதை ஃபைலில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் லயத்து வீடுகளின் குழாயடியில் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தொரை என்ன சொன்னாரு பாப்பா?"

"ஒங்க பேரு வெளிய வராமப் பாத்துக்கிட்டேன்க்கா."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குடத்தை நங்கென்று வைத்தாள்.

"பேரு வேணாம்னு நான் சொன்னனா? வாந்தி எடுத்தவ நான். நாளைக்கும் அந்தக் காட்டுலதான எறங்கணும்?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை நிறுத்தவில்லை.

"சரி, எங்கள எறக்குனாரே ஒஞ் சித்தப்பா, அவரு பேரையாவது போட்டியா?"

பெண்கள் இறக்கப்பட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.