ஷார்ஜா ரூமுக்கு இரண்டு சாவி

சொட்டை மாமா,

உன் மூட்டுவலி அங்கே தீர்ந்திருக்கும். நம் மகள் கோமளா இதை உன் போட்டோ முன்னால் படிப்பாள். கோமளா, வாடிய மாலையை மாற்றிவிடு, எனக்குக் கொஞ்சம் ஊறுகாயும் அனுப்பு.

ஷார்ஜாவில் எனக்கு ரூம் கிடைத்துவிட்டது மாமா!

முதலில் ஒரு புரோக்கர் வீட்டின் போட்டோவை மட்டும் காட்டி அட்வான்ஸ் கேட்டான். கூட்டாளியிடம் உருதுவில், “வூடே கெடையாதுன்னு இதுக்கு எங்க தெரியப்போவுது” என்று சிரித்தான். மாதனூர் கம்பெனி பஸ்ஸில் தினம் கூட வேலை பார்த்த முபஷ்ஷிராவோடு உருதுவில் சண்டை போட்டவள் நான். “மொதல்ல கதவத் தொறந்து காட்டு பாய்” என்று உருதுவிலேயே கேட்டேன். ஆள் ஒரே ஓட்டம்!

இந்த ரூமை ஓனரம்மாவே திறந்து காட்டி, என் பேரில் அக்ரிமென்ட் போட்டார். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஓனரம்மா இரண்டு சாவி கொடுத்தார். இன்னொன்றை யாரிடம் கொடுக்கட்டும், மாமா?