அண்ணன் அனுப்பிய பல்புகள்

மார்ச் 4

குண்டு பல்புத் தடைக்கான வரைவு அமைச்சகத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆய்வுக்கூட இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை, தொலைக்காட்சிக்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் பல்புகளோடு மாரடிப்பவள் நான். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் எல்.இ.டி. தாங்குகிறதா என்ற சோதனையைக் கட்டாயமாக்கும் வரைவுப் பிரிவு நான் எழுதியது. பத்திரிகையில் வந்த புகைப்படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது.

மார்ச் 11

பல்பு இறக்குமதி செய்யும் என் அண்ணன், தங்கை வீட்டுக்கு வழியே தெரியாதவன், இன்று பழத்தோடு வந்தான். அவன் சரக்கில் பாதிக்கு மேல் என் சோதனையில் புகைந்துவிட்டது. "அந்த ஒரு சோதனைய மட்டும் எடுத்துடு. கூடப்பிறந்தவன் பொழப்புல மண்ணப் போடுவியா?" முடியாது என்றேன். என்னோடு இருக்கும் அம்மா என்னைத்தான் முறைத்தாள்.

மார்ச் 12

பழத்தைத் தொடவில்லை. அழுகட்டும்.

ஏப்ரல் 2

பிரிவைத் தூக்கிவிட்டார்கள். மட்டமான பல்பு சீக்கிரம் போனால் ஜனங்கள் திட்டத்தையே காறித் துப்புவார்கள், பழசுக்கே திரும்புவார்கள் என்று இயக்குநரிடம் கத்தினேன். முதலில் தடை வரட்டும், தரத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். அண்ணன் நேராக அவரிடமே போயிருக்கிறான். "தங்கமான மனுஷன்மா உங்க அண்ணன்" என்றார் வேறு. வயிறு எரியுது. நல்லா இருங்கடா.

ஜூலை 1

தடை அமலுக்கு வந்தது. அண்ணன் அம்மாவுக்கு ஒரு பெட்டி பல்பு இனாமாக அனுப்பினான். நான் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா ஆள் வைத்து வீடு முழுக்க மாட்டிவிட்டாள். கழற்றப் போனால் விடவில்லை.

ஆகஸ்ட் 19

சமையலறைப் பல்பும் போச்சு. இருட்டில் அம்மா வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டாள். பாதம் முழுக்கக் கொப்புளம். அவன்கிட்ட சொல்லாதே என்கிறாள் — எப்படிச் சொல்லாமல் இருப்பேன்?

சண்டை போடவே கிளம்பிப் போனேன். அவன் வீட்டு வாசல், கூடம், சமையலறை, எங்கும் மஞ்சள் வெளிச்சம். அத்தனையும் குண்டு பல்பு. அண்ணிதான் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "தடை வர்றதுக்கு முன்னாடியே பெட்டி பெட்டியா வாங்கி வச்சுட்டாரு. புதுசு அடிக்கடி போயிடுதாம்."

அண்ணன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். வந்த வழியே திரும்பினேன். திட்டினால் என் கோபம் ஆறிவிடும். ஆறக்கூடாது.

ஆகஸ்ட் 20

வீட்டில் மிச்சமிருந்த பல்புகளைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். யாரும் கேட்காத சோதனை. மதியத்துக்குள் ஒன்றும் தேறவில்லை. அறிக்கையில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை முழுதாக எழுதினேன். இயக்குநரைக் கேட்காமல் நேராக அமைச்சகத்துக்கு அனுப்பினேன்.

வீட்டில் அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செய்ததைச் சொன்னேன். அண்ணன் இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டான் என்றும் சொன்னேன். அவள் மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்துக் கால் கொப்புளத்தைப் பார்த்தாள்.

பிறகு, "நீ சோதிச்சதுல தாங்கினது எதுடி? அத வாங்கிட்டு வா" என்றாள்.