காரணம்: தூரம்

கும்மிடிப்பூண்டி
3-11-2025, திங்கள்

அன்புள்ள அஸ்வினிக்கு உன் நாத்தனார் ஜோதிலட்சுமி எழுதிக்கிறது.

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம்னு பொய் எழுதாத, வெளுத்துப் போய் வர்றியாமே, ஆபீஸ் பெருக்குற செங்கம்மாக்கா பாத்துட்டு சொல்லுச்சு. நீ ஷிப்டுக்கு வர்ற நேரம் நான் பஸ் ஏறுற நேரம். போன் பண்ணா அது என் தம்பியோட லாரியில ஊர் சுத்திக்கினு இருக்குது. ஒரு ஊட்டுக்கு ஒரு போனு, நல்ல குடும்பம்! அதான் நம்ம லாக்கர்லயே லெட்டர் வெக்கிறேன். ரெண்டு ஷிப்டுக்கும் ஒரே லாக்கர் குடுத்தான்னு திட்டிக்கினு இருந்தோமே, இப்போ உதவுது பாரு.

விஷயம் இன்னான்னா, உன் அண்ணி இப்போ கேப்டன். சிரிக்காத. தன்னார்வக் கேப்டன்னு எச்.ஆர். பரத் சார் ஒரு தொப்பியும் பேட்ஜும் குடுத்திருக்காரு. இது சேவை மாசமாம். போன வருஷம் ஏரிக்கரையில கன்னு நட்டோமே, போட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ள ஆடு மேஞ்சுட்டுப் போச்சே, அந்த மாதிரி. இந்தத் தடவ வர்ற சனிக்கிழமை ரத்த தானம். "கட்டாயமே இல்ல மேடம், ஆனா நூறு சதவீதம் வரணும்"ன்றாரு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. வராதவங்க பேருக்கு நேரா காரணம் எழுதணுமாம். நல்ல புள்ளதான், ஆனா மெட்ராஸ்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சது, தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிக்கும்.

நம்ம வயரிங் லைன் முழுசா வந்தா என் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்காரு. லைன் லீடர், லைன் லீடர்னு பேருதான், இன்னும் நானும் கான்ட்ராக்ட்தானே. உன் பேரை முதல் பேரா எழுதிட்டேன். அண்ணி மானத்தக் காப்பாத்து.

இப்படிக்கு,
கேப்டன் ஜோதி அண்ணி


ஆரணி
4-11-2025

அன்புள்ள அண்ணிக்கு அஸ்வினி எழுதிக்கொள்வது.

என் பேரை எடுத்துடுங்க அண்ணி. ஊசின்னா பயம்னு எழுதினேன், அப்புறம் அந்தத் தாளக் கிழிச்சுட்டேன். உங்ககிட்ட பொய் சொல்ல வரல.

முழுகாம இருக்கேன். ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. அவருக்கு மட்டும்தான் தெரியும். அத்தைக்குக்கூட சொல்லல. கோச்சுக்காதீங்க. மொதல் தடவ ஊருக்கே சொன்னேன், தங்கல. ரெண்டாவது தடவ உங்களுக்கும் அத்தைக்கும் மட்டும் சொன்னேன், அதுவும் தங்கல. வாயத் தொறந்தாலே போயிடுமோன்னு இந்தத் தடவ சாமிகிட்டகூட மனசுக்குள்ளதான் வேண்டிக்கினேன்.

கர்ப்பப்பை வாயில தையல் போட்டாத்தான் நிக்கும், மூணு மாசம் முடிஞ்சதும் வந்துடுன்னு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மாசக் கடைசியில கான்ட்ராக்ட் கையெழுத்து. என் ஷிப்டு சோனியாவுக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வயித்துல இருக்குதுன்னு தெரிஞ்சதும் கான்ட்ராக்ட் மேஸ்திரி, "ஊட்ல நல்லா ரெஸ்ட் எடும்மா"ன்னு சிரிச்சுக்கினே அனுப்புனாரு, அப்புறம் அவ பேரே லிஸ்ட்ல வரல. எனக்கும் அப்படி ஆனா ஈ.எஸ்.ஐ. கார்டு போயிடும். கார்டு இல்லாம அந்தத் தையல எங்க போய்ப் போடுவேன்?

பாத்ரூம் போறப்போல்லாம் கண்ண மூடிக்கினுதான் போறேன் அண்ணி, ரத்தத்தப் பாத்துடுவேனோன்னு. இப்போ நீங்க ரத்தம் குடுன்றீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.

அஸ்வினி


5-11-2025

என் கண்ணு அஸ்வினி,

படிச்சுட்டு டாய்லெட்டுக்குள்ள போய்த் தாப்பா போட்டுக்கினு அழுதேன். சந்தோசமா பயமான்னு எனக்கே தெரியல. வெளிய வந்தா இன்னாக்கா கண்ணு செவந்துருக்குதுன்றாளுங்க. மொளகாப் பொடின்னேன். வயரிங் கம்பெனியில ஏதுடி மொளகாப் பொடி! உளறிட்டேன்.

இனிமே கனமான பெட்டி எதையும் தூக்காத. மாத்து ஆள் கேளு, தரலன்னா என் பேரச் சொல்லு.

லிஸ்ட் ஏற்கெனவே ஆபீஸுக்குப் போயிடுச்சு, பேரை அடிக்க முடியல. ஆனா காரணத்துல எழுதலாம். உனக்கு நேரா "தூரம்"னு எழுதிட்டேன். அந்த மூணு நாளு இருக்குறவங்ககிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்கன்னு போஸ்டர்லயே போட்டிருக்கான். ஆம்பளப் புள்ளதானே, படிச்சதும் வெக்கப்பட்டுக்கினு அடுத்த பேருக்குப் போயிடுவாரு. ஒருத்தன் வாயத் தொறந்து கேக்க மாட்டான். எப்படி உன் அண்ணி மூளை?

சனிக்கிழமை லீவு போட்டுட்டு ஊட்லயே கால நீட்டிப் படு. இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடு.

ஜோதி அண்ணி


ஆரணி
9-11-2025, ஞாயிறு

அண்ணி அவர்களுக்கு,

நீங்க சொன்னபடி நேத்து ஊட்லதான் படுத்திருந்தேன். நாஷ்டா சாப்புடுற நேரம், கொட்டுற மழையில கம்பெனி வேன் வந்து வாசல்ல நிக்குது. பரத் சாரே கொடையோட எறங்குறாரு. "மேடம், இனிமே உங்களுக்குக் கஷ்டமே இல்ல, நானே வந்துட்டேன்"ன்றாரு. அத்தைக்கு ஒரே பெருமை. மருமவளக் கூட்டிக்கினு போக ஆபீசரே வந்துட்டாருன்னு பக்கத்து ஊட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி பேசிக்கினு, என் கையில பையக் குடுத்து ஏத்தி வுட்டுட்டாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்ல வாயெடுத்தேன். "கேம்ப்ல டாக்டர் இருக்காங்க மேடம்"னாரு. வேன் கெளம்பிடுச்சு.

நம்ம ஆரணியில இருந்து மெயின்ரோட்டுப் புதுவாயல் வரைக்கும் ரோடு எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயித்தப் புடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். இறங்குறப்போ பொடவ நனைஞ்சிருந்துச்சு. மழைத் தண்ணிதானான்னு தொட்டுப் பாக்குறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு.

அங்க ஒரு நீலத் தண்ணியில நம்ம ரத்தத்த ஒரு சொட்டு வுடுறாங்க. முழுகினா உடம்புல ரத்தம் இருக்குதாம், மெதந்தா கம்மியாம். பரத் சார் போட்டோ எடுக்கறதுக்குப் பக்கத்துலயே நிக்கிறாரு. டாக்டரம்மா கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சேன்னு கேக்குறாங்க. அவரு நிக்கும்போது நான் இன்னான்னு சொல்லுவேன்? தலையக் குனிஞ்சுக்கினேன். கை தானா வயித்து மேல போயிடுச்சு. என் சொட்டு நேரா அடிக்குப் போச்சு அண்ணி, என் கண்ணால பாத்தேன். டாக்டரம்மா அதப் பாத்தாங்க, என் கையப் பாத்தாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து மெதுவா, "முழுகல... இல்லியாம்மா?"ன்னாங்க. ஆமாம்னு தலையாட்டினேன். "ரத்தம் கம்மி, எடுக்க முடியாது"ன்னு சத்தமா சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க. அந்தம்மா நல்லா இருக்கணும்.

ஆனா வேன அனுப்புனது யாரு? உங்ககிட்டதானே சொன்னேன்? பரத் சார் சிரிச்ச மாதிரி நானும் சிரிச்சுட்டுப் போக முடியல. நீங்க கேப்டனா, அண்ணியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

அஸ்வினி


11-11-2025

அம்மாடி அஸ்வினி,

திட்டு, நல்லாத் திட்டு. ஆனா வேன நான் அனுப்பலடி, என் புள்ளைங்க மேல சத்தியம். நீ வந்தப்போ நான் உள் ரூம்ல கட்டில்ல கையில ஊசியோட கெடந்தேன். உன் குரலு கேட்டுச்சு, எழுந்திருக்க வுடல.

அப்புறம்தான் பரத் சாரப் புடிச்சேன். அந்தப் புள்ள இன்னா சொல்லுது தெரியுமா? "தூரம்னு எழுதியிருந்தீங்களே மேடம். ஆரணியில இருந்து வர்றது தூரம்தானே. அதான் வண்டி எடுத்துக்கினு போனேன். ஒருத்தர்கூட விட்டுப் போகக் கூடாது." எனக்குத் தலையில அடிச்சுக்கணும் போல ஆயிடுச்சு. அவங்க ஊட்ல அந்த வார்த்தையே சொல்ல மாட்டாங்க போல. சிரிப்பும் வருது, உன்ன நெனச்சா அழுகையும் வருது.

இன்னொண்ணும் சொல்லணும், பயந்துடாத. உனக்கு ரத்தம் கம்மின்னதும் அவருக்கு மனசு தாங்கல. "வெளிய எல்லாருக்கும் பண்றோம், நம்ம ஆளுங்களே இப்படி இருக்காங்களே"ன்னு அடுத்த சேவை நம்ம பொம்பளைங்களுக்குத்தான்றாரு. 22-ஆம் தேதி சனிக்கிழமை ஸ்கேன் வண்டி வருதாம். எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். மொதல் ஆளு நீ. மத்த லைன்காரங்க எல்லாம் பணம் போடுறாங்க, உன் போட்டோவப் போட்டுதான் கேக்குறாங்க. கேன்டீன் சொவத்துல ஒட்டியிருக்காங்க பாரு.

கேப்டனா அண்ணியான்னு கேட்ட. யோசிச்சுக்கினு இருக்கேன்.

ஜோதி


12-11-2025

அண்ணிக்கு,

சத்தியம்லாம் பண்ணாதீங்க, நான் கோவத்துல எழுதிட்டேன்.

போட்டோவப் பாத்தேன். தலையக் குனிஞ்சு வயித்துல கைய வெச்சுக்கினு நிக்கிறேன். பாக்குறவங்களுக்குத் தெரியாதா அண்ணி? கேன்டீன்ல தட்ட எடுத்துக்கினு போனா எல்லாரும் என் வயித்தப் பாக்குற மாதிரியே இருக்குது. முந்தாநாளு மேஸ்திரி, "இன்னாம்மா, உடம்பத் தேத்தணும்"ன்னு சிரிச்சாரு. சோனியாகிட்ட சிரிச்ச அதே சிரிப்பு.

ஸ்கேன் வெச்சா மறைக்க முடியாது. கையெழுத்து 28-ஆம் தேதி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சுபோயிடும். நானே வேலைய வுட்டு நின்னுடலாம்னு பாக்குறேன். தெனம் இப்படிப் பயந்தே இந்தப் புள்ளையும் போயிடும் போல இருக்குது.

உங்க பர்மனென்ட் கெட்டுடக் கூடாது. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்.

அஸ்வினி


21-11-2025, வெள்ளி

அஸ்வினி கண்ணு,

வேலைய வுடாத. நாளைக்கு ஸ்கேன் வண்டி நம்ம லைனுக்கு வராது. எப்படின்னு சொல்றேன்.

வராதவங்க காரணம் எழுதணும்ல? நேத்து நீ லீவுல இருந்தப்போ ரெண்டு ஷிப்டுலயும் போய், "எல்லாரும் தூரம்னு எழுதுங்கடி, ஏன்னு மட்டும் கேக்காதீங்க"ன்னேன். உன் பேரு என் வாயில வரல. ஒருத்தியும் கேக்கல. ஏன் கேக்கலன்னு அப்புறம்தான் தோணிச்சு. ஸ்கேன், டெஸ்டுன்னா ஆளாளுக்கு உள்ள ஒரு பயம் இருக்குது, ஒவ்வொருத்தியும் ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்கா. பேக்கிங் முத்தம்மாளுக்கு அது நின்னு எத்தன வருஷமாச்சு, அதுகூட கூசாம எழுதிக் குடுத்துச்சு. லோடு ஏத்துற சரவணன் வந்து, "அக்கா, நானும் எழுதட்டுமா?"ன்றான். ஓடுடான்னேன்.

பரத் சார் தாளத் தூக்கிக்கினு லைனுக்கே வந்துட்டாரு. "இன்னா மேடம், மொத்தப் பேருக்கும் தூரமா? பாதிப் பேரு பக்கத்துத் தெருதானே? எத்தன வண்டி அனுப்புறது?" செங்கம்மாக்கா தொடைப்பத்த நிறுத்திட்டு, "சார், இது வண்டி அனுப்பினா வர்ற தூரம் இல்ல சார்"ன்னுச்சு. அப்புறம் கிட்ட போய்க் காதுல சொல்லுச்சு. பாவம், மூஞ்சி தக்காளி மாதிரி செவந்துடுச்சு. லைனே வாயப் பொத்திக்கினு சிரிக்குது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரல. ஏன்னா அவரு தாள மறுபடியும் பிரிச்சாரு. உன் பேரத் தேடுறாருன்னு தெரிஞ்சுது. "அன்னிக்கு ஆரணியில..."ன்னு இழுத்தாரு. நான் தரையப் பாத்தேன். தாள மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கினு, "சரி மேடம். தூரம்னா தூரம்தான்"ன்னுட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் கேன்டீன்ல உன் போட்டோ இல்ல. யாரு எடுத்தாங்கன்னு தெரியல.

அவருக்கு எவ்ளோ புரிஞ்சுதுன்னு தெரியாது. மேஸ்திரிகிட்ட சொல்லுவாரோன்னு எனக்கும் பக்குபக்குன்னுதான் இருக்குது. நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

தொப்பியத் திருப்பிக் குடுத்துட்டேன். பர்மனென்ட் பத்திக் கேக்காத. நீ கேட்டதுக்கு இதான் பதிலு.

உன்
அண்ணி


ஆரணி
20-1-2026

என் அன்பு அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதல. எழுதினா அதுவும் போயிடுமோன்னு பயம். தையல் போட்டப்போ ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா கூடவே கெடந்தீங்க, அப்பவும் உங்ககிட்ட ஒண்ணும் பேசல. கோச்சுக்காம இருந்தீங்களே, அதுக்கே உங்களுக்குக் கோயில் கட்டணும்.

லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க. பர்மனென்ட்ல உங்க பேரு இல்ல. கேக்காதன்னீங்க, கேக்கல. ஆனா ரெண்டு தடவ மேல இருந்து கீழ தேடிப் பாத்தேன். பரத் சார் அந்தப் பக்கமா வந்தாரு. "உக்காந்து வேலை செய்ற எடம் ஒண்ணு காலியா இருக்குது மேடம், வேணும்னா காரணமே எழுதாம கேளுங்க"ன்னு சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காம போயிட்டாரு.

இப்பவும் பாத்ரூம்ல கண்ண மூடிக்கினுதான் போறேன். அது போகாது அண்ணி, புள்ளையக் கையில வாங்குற வரைக்கும் போகாது.

ஆனா நேத்து வயர் முடிச்சுப் போட்டுக்கினு இருக்கும்போது வயித்துக்குள்ள ஒண்ணு துள்ளுச்சு. பழவேற்காட்டுல எங்க நைனா வலையத் தூக்குனா கூடைக்குள்ள மீனு துள்ளுமே, அப்படி. ரெண்டு தடவயும் இது வரைக்கும் வந்ததே இல்ல. மெஷின நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன். அவருக்குச் சொல்லல, அத்தைக்கும் சொல்லல. பயந்துகினேதான், ஆனா வாயத் தொறந்து, மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.

ஒரே ஒரு நாளு ஷிப்ட மாத்திக்கினு வாங்க அண்ணி. லெட்டர்ல வேணாம். வந்து கைய வெச்சுப் பாருங்க.

உங்க
அஸ்வினி