நிறமில்லாத மீடியம்

மார்ச் 3, செவ்வாய்
அவள் எங்கள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியாக வந்து இன்றோடு மூன்று மாதம். படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி. பதினேழு வருடமாக நான் பார்த்துப் பார்த்துத் துடைத்த மேசையில் கைப்பையை வீசுகிறாள். நான் வேண்டுமென்றே “மேடம்” என்கிறேன். உறைப்பதே இல்லை அவளுக்கு.

மார்ச் 5, வியாழன்
புற்றுக்கட்டி சர்க்கரையைத் தின்றுவிட்டுத் தன்னைச் சுற்றி அமிலத்தைத் துப்பி வைக்கும். அந்த அமிலத்தில் எங்கள் மருந்து செல்லுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். எட்டு வருடத்துக்கு முன் நான் காட்டியது இது. பழைய தலைவர் கோப்பில் போட்டு மூடினார். இன்று இவள் படம் போட்டுக் காட்டுகிறாள்: அமிலத்திலும் மருந்து உள்ளே போகிறதாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.
வீட்டில் புலம்பினேன். “உனக்கு வயித்தெரிச்சல்,” என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமலே. ஆமாம். அதற்கென்ன இப்போது?

மார்ச் 9, திங்கள்
பிடித்துவிட்டேன்!
செல்கள் வளரும் திரவத்தை மீடியம் என்போம். வழக்கமாக அதில் ஒரு நிறமி இருக்கும். அமிலம் கூடினால் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. மருந்து போன இடம் மைக்ரோஸ்கோப்பில் ஒளிரும்; அந்த ஒளியை நிறமி கெடுக்கும் என்று இவள் அதைச் சேர்ப்பதில்லை. மீடியம் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் வைக்கிறாள். அதற்குள் மீடியத்தை அமிலமாக வைத்திருக்கும் கரியமில வாயு பறந்துவிடும், அமிலமும் குறைந்துவிடும். மதியம் யாருமில்லாதபோது நிறமி கலந்த ஒரு தட்டை அதே இடத்தில் வைத்தேன். மஞ்சளாக வைத்தது ஒரு மணி நேரத்தில் செக்கச் செவேல். அவள் படமெடுத்தது அமிலத்திலேயே இல்லை.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மாநாட்டில், நாலு பேர் முன்னால் எவனாவது கேட்கட்டும்.

மார்ச் 11, புதன்
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி
ஒரு பெண்மணியின் கட்டி, அறுவை முடிந்த கையோடு மருத்துவமனையிலிருந்து வந்தது. உயிருள்ள திசு, நாளைக்கு உதவாது. ‘யாருக்காவது பயன்படட்டும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் மகாராணி அதை மெல்லிசாகச் சீவி, மருந்திட்டு, அதே போல ஒரு மணி நேரம் வெளியே வைத்தாள். தட்டுகளை எடுத்துக் கொடுத்தது நான். வாயைத் திறந்தேனா? கட்டி முழுதும் வீண். என் எரிச்சலுக்கு எவரோ ஒருவரின் சதை.

மார்ச் 16, திங்கள்
அவளிடம் சொன்னேன். மதியமே எல்லோரையும் கூட்டி, தன் முடிவு தவறு, கண்டுபிடித்தது நான் என்று அறிவித்தாள். மறுபடியும் கைதட்டல் – அவள் நேர்மைக்கு! தப்புகூட இவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தித் தொலைகிறது.
எப்போது தெரிந்தது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றேன்.

மார்ச் 18, புதன்
பதிவுக்காக என் நோட்டைக் கேட்டாள். பக்க எண் அச்சிட்ட நோட்டு, கிழிக்க முடியாது. கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒன்பதாம் தேதியின் மேல் விரலை வைத்தாள்.
“என்னைக் கவுக்கணும்னா கவுத்திருக்கலாம்டி. கட்டி குடுத்த அந்தம்மா உனக்கு என்ன பண்ணாங்க?”
நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்
இன்னொருவரின் கட்டி. இந்த முறை வாயு குறையாத மூடிய பெட்டிக்குள். பத்து நிமிடத்துக்கொரு தரம் நான் அமில அளவைச் சொல்ல அவள் எழுதினாள். ஆறு புள்ளி ஆறு. அசையவில்லை. மருந்து உள்ளே போகவில்லை. நான் சொன்னதுதான் சரி. கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டிருக்கிறாள். நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன். அதுதான் தாங்கவில்லை.
வீணான திசுவுக்கு மருத்துவமனைக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘என் செய்முறைத் தவறு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு என் மேசையில் வைத்திருந்தாள். அதன் கீழே ‘நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும், சொல்லவில்லை’ என்று எழுதி, நானும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அவளிடம் காட்டவில்லை. காட்டினால் “பரவால்லடி” என்பாள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை.